வடிவு பேரில் ஓர் அம்பாசடர்

சிவசைலத்தின் இடது காலைத் தொடையோடு எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியை இருபது வருஷம் ஓட்டியவர் அவர். சர்க்கரை வியாதி. கட்டைவிரலில் செருப்பு கடித்த புண்ணை ஆறிவிடும் ஆறிவிடும் என்று விட்டுவைத்ததில் கால் போயிற்று. இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம் அது. அவர் மனைவி சுடலைவடிவு அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நான்காம் மாதம் அவள் உரிமம் வாங்கினாள். ஐந்தாம் மாதத்திலிருந்து செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஆரம்பித்தாள். பிள்ளைகள் அவளை வேன் அம்மா என்றார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

பெண்கள் இருவருக்கும் கல்யாணம் முடிந்த பிறகு சிவசைலம் ஓர் ஆசையைச் சொன்னார். வாழ்நாள் முழுக்க ரோட்டிலேயே இருந்தும், குலை எங்கே இறங்க வேண்டுமோ அங்கே மட்டும்தான் போயிருக்கிறார். ஒரு தடவையாவது தன் இஷ்டத்துக்கு ஒரு நெடும்பயணம் போக வேண்டும். சொந்த ஊரில் தொடங்கிக் காசி வரைக்கும். பஸ் படி அவரால் ஏற முடியாது. ரயிலில் ஏறினாலும் இறங்கின இடத்தில் என்ன செய்வது? வாடகைக் காருக்கு நான்கு மாதம் ஒரு டிரைவரைப் பிடித்தால், அவனுக்குப் பசிக்கிற இடத்தில் சாப்பிட்டு, அவனுக்குத் தூக்கம் வருகிற இடத்தில் படுக்க வேண்டியிருக்கும்.

"நான் ஓட்டுறேன். அங்கே போய் ஒரு பழைய காடி வாங்குவோம். சுத்தி முடிச்சதும் வித்துட்டு வந்துருவோம்" என்றாள் வடிவு.

அவர்கள் ஊர்த் தமிழில் காருக்குக் காடி என்றுதான் பேர்.

1995 டிசம்பரில், ஆறு மாத விசாவோடு இருவரும் வந்து இறங்கினார்கள். ஆழ்வார்குறிச்சியில் சிவசைலத்தின் அண்ணன் மகன் மாரிக்கண்ணு இருந்தான். சிவசைலம் பத்து வயதில் தகப்பனாரோடு கப்பலேறியவர். அண்ணன் இங்கேயே தங்கிவிட்டார். அவர் செத்துப்போய் ஏழு வருஷம். மாரிக்கண்ணுவும் அவன் மனைவி இசக்கித்தாயும் அந்தப் பூர்விக வீட்டில், கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் வாழையும் போட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தார்கள். கடிதத்தில் மட்டும் தெரிந்த சித்தப்பாவை அவர்கள் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊன்றுகோல் வழுக்கக் கூடாதென்று புறவாசல் கல்லில் மாரிக்கண்ணு சிமெண்டுச் சாந்து பூசி, காயும் முன் ஓலையால் கீறிவிட்டான். சித்தி காடி வாங்க வேண்டும் என்றபோது அவன் முழித்த முழியை வடிவு மறக்கவில்லை. அங்கே காடி என்றால் புளித்த தண்ணீர். இசக்கித்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வண்டி மேலப்பாளையத்தில் கிடைத்தது. அசன் மைதீன் என்பவர் அங்கே பழைய கார்களை வாங்கிச் சரிபண்ணி விற்றுவந்தார். அவர் வொர்க்‌ஷாப்பில் வெள்ளை நிற டீசல் அம்பாசடர் ஒன்று நின்றது. பதினோரு வயது வண்டி. பின்சீட்டில் சிவசைலம் குறுக்கே உட்கார்ந்து, இருக்கிற காலை நீட்டிப் பார்த்தார். கால் கதவில் இடிக்கவில்லை. அவருக்கு அது போதும். வடிவுக்குப் போதவில்லை. எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாள், நான்கு டயரிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஓட்டப்போவது அந்த அம்மாள்தான் என்பது அசன் மைதீனுக்கு அப்போதுதான் புரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாரிக்கண்ணு பின்னால், சித்தப்பாவின் காலருகே ஒடுங்கி உட்கார்ந்தான்.

கியர், ஸ்டியரிங் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பழகியது தரையிலிருந்து வருகிற கியர். முதல் இரண்டு தெருவிலும் வண்டி முக்கி முக்கிப் போயிற்று. கொக்கிரகுளம் ரோட்டுக்கு வந்தபோது கைக்கு வந்துவிட்டது. ஆற்றுப்பாலத்தில் எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் ஒரு பொம்பளை அம்பாசடர் ஓட்டுவதைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினான். வடிவு ஹாரன் அடித்து அவனை ஒதுக்கினாள். திரும்பி வரும் வழியில், இரண்டாவது கியரில் ஒரு சத்தம் கேட்கிறதே என்று பின்னாலிருந்து சிவசைலம் சொன்னார். தனக்கு அது தெரியும் என்றும், நான்கு நாளில் சரிபண்ணித் தருவதாகவும் அசன் மைதீன் ஒப்புக்கொண்டார். அவர் மறைக்காததே வடிவுக்குப் பிடித்துப்போயிற்று. முன்பணம் கொடுத்தார்கள்.

யார் பேரில் மாற்றுவது என்று பேச்சு வந்தது. ஓட்டுகிறவள் பேரில்தான் என்று சிவசைலம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய குமாஸ்தா, பேருக்கு நடுவே ஏ/பி என்று இருக்கிறதே, ஆந்திரப் பிரதேசமா என்று கேட்டார். மலாய் மொழியில் 'இன்னார் மகள்' என்பதன் சுருக்கம் அது என்று வடிவு விளக்கினாள். சுடலைவடிவு, பேச்சிமுத்து மகள். குமாஸ்தாவுக்கு அது சுவாரசியமாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு விண்ணப்பத்தில் முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்தார்.

"வெளிநாட்டுக்காரங்க பேருக்கு மாத்தக் கூடாதுன்னு இல்லம்மா. ஆனா வண்டி எங்க இருக்கு, யார்கிட்ட கேக்கணும்னு எங்களுக்குத் தெரியணும். இந்த ஜில்லாவுல ஒரு விலாசம் வேணும். அதுக்கு ஓர் ஆதாரமும் வேணும்."

வடிவு மாரிக்கண்ணுவைப் பார்த்தாள். அதில் ஒரு சிரமமும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுத் தீர்வை ரசீது வீட்டில்தான் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்க்க வேண்டும் என்றான் மாரிக்கண்ணு. சட்டைப் பையைத் தடவிக்கொண்டே சொன்னான், ரசீது அதற்குள் இருந்துவிடும் என்பதுபோல.

அடுத்த மூன்று நாளும் அவன் தேடினான். முதல் நாள் பரணில் தேடினான். இரண்டாம் நாள், அப்பா காலத்தில் யாரிடமாவது கொடுத்திருப்பார்கள் என்றான். மூன்றாம் நாள், அந்த ஆபீஸில் உள்ளூர் ரசீதையெல்லாம் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாமே என்று எங்கேயோ கேட்டு வந்தவன்போலச் சொன்னான். சாப்பிடும்போது சித்தப்பா முகத்தைப் பார்க்கவில்லை. மீன் துண்டை மட்டும் அவர் தட்டில் எடுத்து எடுத்து வைத்தான்.

நான்காம் நாள் காலையில் புறவாசலில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்த இசக்கித்தாய், பக்கத்தில் வந்து உட்கார்ந்த வடிவிடம் தலை நிமிராமலேயே சொன்னாள்.

"ரசீது எங்கயும் போகல சித்தி. தகரப் பெட்டிலதான் இருக்கு. அவுகளுக்குப் பயம்."

"என்ன பயம்?"

"பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு. சித்தப்பாவுக்கும் பாதி உண்டுல்லா. கீழத் தெருவுல ஒருத்தர் சிங்கப்பூர்லருந்து வந்து ஆறு மாசம் இருந்தாவ. அந்த வீட்டு வெலாசத்துல ஒரு ரேசன் கார்டு வாங்குனாவ. போன மறுவருசம் வக்கீல் நோட்டீஸ் வந்துட்டு. உங்கள அப்படி நெனைக்கல சித்தி. உங்களுக்குப் பெறகு பிள்ளைய இருக்குல்லா, மருமக்கமாரு இருக்காவள்லா. நான் சொன்னதா காட்டிக்கிடாதிய."

காட்டிக்கொள்ள மாட்டேன் என்று வடிவு வாக்குக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தோட்டத்து வீட்டை நிர்வாகம் காலிபண்ணச் சொன்னபோது அவளும் இப்படித்தான் காகிதங்களைப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்திருக்கிறாள். வீட்டைப் பற்றிய பயம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் ராத்திரி அவள் மெல்லச் சொன்னபோது சிவசைலத்துக்கு அது வலித்தது. பிறகு, பத்திரம் எழுதுகிறவரை நாளைக்கே போய்ப் பார்க்கலாம், எனக்கு இங்கே பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அதோடு அவன் பயம் தீரட்டும், நமக்கும் விலாசம் கிடைக்கட்டும் என்றார்.

வடிவு ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அவரை எதிர்த்துப் பேசுவது அபூர்வம்.

"பங்கைக் கொடுக்கணும்னா கொடுத்துடுங்க. நான் தடுக்கல. நம்ம பிள்ளைங்களும் கேக்கப்போறதில்ல. ஆனா இதுக்காகக் கொடுக்காதீங்க. ஒரு காகிதத்துல விலாசம் எழுதிக்கிறோம்னு கேட்டதுக்கு அது விலைன்னு ஆயிடும். அப்புறம் அவன் உங்க முகத்துல முழிக்க மாட்டான். நீங்களும் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டீங்க."

"அப்போ காசி?"

"காசி எங்கேயும் ஓடிடாது."

மறுநாள் அவர்கள் மேலப்பாளையம் போனது வண்டி வேண்டாம் என்று சொல்லத்தான். காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டு விலாசம் சரிப்படவில்லை என்று மட்டும் வடிவு சொன்னாள். அசன் மைதீன் மேலே எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"என் வெலாசத்தப் போடுங்க மைனி" என்றார்.

சிவசைலம் அவரையே பார்த்தார். பழகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"வண்டி விக்கணும்லா அண்ணாச்சி எனக்கு" என்றார் அசன் மைதீன். சிரிப்பு வந்துவிட்டது மூவருக்கும்.

அவர் வீட்டுத் தீர்வை ரசீதோடும், அவர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தோடும் மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனார்கள். இந்தத் தடவை குமாஸ்தா தானாக முடிவெடுக்காமல் அதிகாரியிடம் அனுப்பினார். அதிகாரி நாற்பது வயதுப் பெண். காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வடிவின் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இரண்டு தடவை படித்தார். எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க இப்ப இந்த வீட்டுலயா தங்கியிருக்கீங்க?"

பக்கத்தில் நின்ற அசன் மைதீன் மெல்லக் கனைத்தார். வடிவு வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஆண்டும் வேனைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக் தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்று சொல்லியே பழகிய வாய் அது.

"இல்லைங்கம்மா" என்றாள்.

அதிகாரி காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. தங்காத வீட்டை எழுதினால், நாளைக்கு எங்கோ வடக்கே இந்த வண்டி யார் மீதாவது மோதினால், நோட்டீஸும் போலீஸும் இவர் வாசலுக்குத்தான் வரும், இவருக்கு உங்களைத் தெரியக்கூடத் தெரியாது என்று விளக்கினார். தங்கியிருக்கிற விலாசம் எதுவானாலும் சரி, அங்கே தங்கியிருப்பதாகப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் அசன் மைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றார். வடிவு அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அவர் இன்னும் சங்கடப்பட்டுப் போய், வாருங்கள், வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி ஹமீது பீவிக்கு அந்த நிமிஷம் வரை எதுவும் தெரியாது. முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள், ஊன்றுகோலோடு வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். புருஷன் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆழ்வார்குறிச்சி வீட்டு விஷயத்தை வடிவு சொல்லாமலே பாதி ஊகித்துக்கொண்டாள்போல. அந்த இடத்தில் மட்டும் 'சரி, சரி' என்றாள்.

"தங்கினா எழுதுவாவளா?" என்று கேட்டாள்.

எழுதுவார்களாம் என்றாள் வடிவு.

"அப்பத் தங்குங்க. இந்த ரூமு இருக்கு. படி கெடையாது. அண்ணாச்சிக்குத் தோதாத்தான் இருக்கும்."

அசன் மைதீன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை தன்னிடம் கேட்டிருக்கலாமே என்று அந்தப் பார்வை சொல்லியது.

"வெலாசத்தக் குடுக்கும்போது எங்கிட்ட கேட்டியளா?" என்றாள் ஹமீது பீவி. "இப்ப நான் வீட்டக் குடுக்கேன். மெஷின உள்ள தூக்கிப் போடுங்க."

ஆழ்வார்குறிச்சியில் பெட்டியைக் கட்டும்போது மாரிக்கண்ணு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். என்ன குறை வைத்தேன் சித்தப்பா என்று கேட்டான். குறை ஒன்றும் இல்லை, ஆபீஸுக்கு அடிக்கடி அலைய வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இருந்தால் நல்லது, அதனால்தான் என்றார் சிவசைலம். பொய் என்று இருவருக்கும் தெரிந்தது. எந்த வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்று மாரிக்கண்ணு கேட்கவில்லை. அவர்கள் வாடகைக் காரில் ஏறிய பிறகு சித்தப்பாவின் ஊன்றுகோலை எடுத்து உள்ளே கொடுத்தவன், கதவைச் சாத்தாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

மேலப்பாளையத்து வீட்டில் அவர்கள் பத்தொன்பது நாள் இருந்தார்கள். முதல் நாளே ஹமீது பீவி ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, தனியாகப் பொங்கிக்கொள்வதானாலும் பொங்கிக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றாள். சுங்கை சிப்புட்டில் எங்கள் வலது பக்கத்து வீடு மலாய்க்காரர் வீடு, பெருநாளுக்கெல்லாம் அங்கேதான் பசியாறுவோம் என்றாள் வடிவு. அடுப்பு இரண்டாம் நாள் பரணுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே சமைத்தார்கள். ஹமீது பீவி அரைக்கிற தேங்காய் அளவைப் பார்த்து, இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, கொழுப்பும் ஏறிவிடும் என்று வடிவு பயந்தாள். அதைக் கேட்டு ஹமீது பீவி அவருக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் எடுத்துவைக்க ஆரம்பித்தாள். சர்க்கரை போடாத டீயை அவர் டம்ளர் என்று தெரிவதற்காகத் தட்டு போட்டு மூடி வைத்தாள்.

சிவசைலம் பகலெல்லாம் வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தார். கியர் பெட்டியைப் பிரிக்கப்போனபோது, பல் தேய்ந்தது இரண்டாவது கியரில் அல்ல, பக்கத்துச் சக்கரத்தில் என்று சத்தத்தை வைத்தே சொன்னார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் அசன் மைதீன் முதலில் அவரைக் கேட்க வைத்தார். கால் போன பிறகு வண்டியைப் பற்றித் தன்னிடம் ஒருவர் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை என்று அவர் வடிவிடம் சொன்னார்.

அவள் காலையில் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது அந்த அம்பாசடரை எடுத்துப் பழகினாள். ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்து பெண்கள் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எதிர் வீட்டில் நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணை அவள்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வழியெல்லாம் அந்தப் பெண், வண்டி குலுங்காமல் போகிறதே என்று வலியிலும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எட்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார். மலேசியாவிலிருந்து வந்த இந்துக்கள் இந்தத் தெருவில், இந்த வீட்டில் எதற்குத் தங்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. அந்த வருஷங்களில் அந்த ஊரைப் பற்றிப் போலீஸ்காரர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. கேள்விகள் நீண்டன. எப்படிப் பழக்கம், எத்தனை நாள் பழக்கம், வாடகை உண்டா, இவர் உங்களுக்கு யார்? அசன் மைதீன் ஒவ்வொன்றுக்கும் வண்டி விற்ற கதையிலிருந்தே தொடங்கினார். அதனால் குழப்பம் கூடியது.

வடிவு நடுவே புகுந்து, முதலிலிருந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஆர்.டி.ஓ. அதிகாரி கேட்டதையும், தான் இல்லை என்று சொன்னதையும், பொய் விலாசம் ஆகக் கூடாது என்பதற்காகவே இங்கே குடிவந்ததையும் சொன்னாள். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒரு வண்டிக்காகக் குடிவந்தீர்களா என்றார். ஆமாம் என்றாள்.

"அப்ப உறவுமுறைன்னு என்ன எழுத?" என்றார்.

"எங்க வீட்டு ஆளுதான். அப்படியே எழுதிக்கிடுங்க" என்று உள்ளேயிருந்து ஹமீது பீவியின் குரல் வந்தது.

போலீஸ்காரர் சற்று யோசித்து, விருந்தினர் என்று எழுதினார். போகும்போது பின்சீட்டில் கால் நீட்ட இடம் போதுமா என்று சிவசைலத்திடம் கேட்டுவிட்டுப் போனார். அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரையாம்.

கடிதம் கிடைத்தது. காப்பீடு மாறியது. பொங்கல் கழிந்த மறுவாரம் ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்தது. சுடலைவடிவு, கணவர் பெயர் சிவசைலம், மே/பா அசன் மைதீன், மேலப்பாளையம், திருநெல்வேலி. குமாஸ்தா அந்த ஏ/பியையும் விடாமல் எழுதியிருந்தார். சுங்கை சிப்புட்டில் அவள் ஓட்டிய வேன் சிவசைலம் பேரில் இருந்தது, வீடு தோட்டத்துடையது. வடிவு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துச் சாத்தினாள்.

கிளம்பின அன்று காலை ஏழு மணிக்கு மாரிக்கண்ணு வந்து நின்றான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், என்றைக்குக் கிளம்புகிறார்கள் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியும் இருப்பார்கள். உள்ளே வரத் தயங்கியவனை அசன் மைதீன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஹமீது பீவி இட்லி வைத்தாள். அவன் சாப்பிட்டான். தெருவே கூடி நின்று வண்டியை வழியனுப்பத் தயாரானபோது, கங்கைகொண்டான் வரைக்கும் நானும் வாரேன் சித்தி, அங்கே இறங்கி பஸ் பிடித்துக்கொள்கிறேன் என்றான்.

முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஜங்ஷனைத் தாண்டி, தச்சநல்லூரைத் தாண்டி, வண்டி நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் பேசினான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

"ரசீது தொலையல சித்தப்பா."

"தெரியும்லே" என்றார் சிவசைலம் பின்னாலிருந்து.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்களுக்கே தெரிஞ்சுது" என்று வடிவு முந்திக்கொண்டாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாரிக்கண்ணு காகிதத்தைப் பிரித்தான், மறுபடி மடித்தான். "ரெண்டு பொட்டப் பிள்ளையள வச்சிருக்கேன். அந்த வீட்ட விட்டா ஒண்ணும் கெடையாது. பயந்துட்டேன். பயந்தத உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். அதுக்கும் பயந்துட்டேன்" என்றான்.

ஒரு லாரி அவர்களைக் கடந்து போயிற்று. நாற்பத்தைந்து வருஷமாகப் பங்கைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை, அண்ணன் செத்தபோதாவது எழுதியிருக்க வேண்டும், எழுதியிருந்தால் நீ பயந்திருக்க மாட்டாய் என்றார் சிவசைலம். அது என் தப்பு என்றார். திரும்பி வந்ததும் எழுதித் தந்துவிடுகிறேன் என்றார்.

"எழுதித் தராட்டாலும் நம்ம வீட்டுலதான் வந்து எறங்கணும்" என்றான் மாரிக்கண்ணு. "எனக்குக் கேவலமா இருக்கு சித்தப்பா. யாரோ ஒருத்தர் வீட்டுல போயி இருந்திய."

"யாரோ இல்ல" என்றாள் வடிவு. "அதை மட்டும் அப்படிச் சொல்லாத மாரி. வர்றோம். மேலப்பாளையத்துல ரெண்டு நாள் இருந்துட்டு, அங்கிருந்து நேரா உன் வீட்டுக்கு வர்றோம்."

அவன் தலையாட்டினான். கங்கைகொண்டானில் அவள் வண்டியை ஓரங்கட்டினாள். மாரிக்கண்ணு இறங்கி, பின்கதவைத் திறந்து, சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நழுவியிருந்த தலையணையை நிமிர்த்தி வைத்தான். அவர் அவன் பிடரியைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு விட்டார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றவனுக்கு வடிவு ஹாரன் அடித்தாள். வண்டி கயத்தாறு ரோட்டில் சிறுத்துப்போகும் வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் கடைசியில், பதினோராயிரம் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய அதே வண்டியில் அவர்கள் திரும்பி வந்ததும், அம்பாசமுத்திரத்துப் பதிவு ஆபீஸில் சிவசைலம் கையெழுத்துப் போட்டதும், அதற்கு முந்தின நாள் அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் மாரிக்கண்ணு அவருக்குக் கோழியடித்ததும் பிறகு நடந்தவை. அம்பாசடரை அசன் மைதீனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

கங்கைகொண்டானில் இறங்கிய அன்றைக்கு மாரிக்கண்ணு வீடு திரும்ப மதியமாகிவிட்டது. இசக்கித்தாய் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சித்தி வண்டியை நன்றாக ஓட்டுகிறார்களா என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா ஓட்டுதாவ" என்றான் மாரிக்கண்ணு. "எனக்குத்தான் வழி முழுக்க, இல்லாத பிரேக்க மிதிச்சு மிதிச்சுக் காலு வலிக்கி."